பிளஸ் ஒன்னுக்கு மூன்று விண்ணப்பங்கள்: நியாயம் படிக்க எந்தப் பள்ளிக்கூடம்?

பெருந்துறைப் பக்கம் இருக்கும் என் சித்தப்பாவின் மகள் இந்த வருடம் பத்தாவது. போன ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா தறிக் குடோன் மேசைமேல் மூன்று விண்ணப்பங்களைப் பரப்பி வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார். ஒன்று திருச்செங்கோட்டுப் பக்கத்து விடுதிப் பள்ளி. இன்னொன்று ஐ.பி. (இன்டர்நேஷனல் பாக்கலோரியட்) பாடத்திட்டம் நடத்தும் ஒரு சர்வதேச உறைவிடப் பள்ளி. நான் படித்ததும் அந்த வகைதான், வேறு ஊரில். மூன்றாவது, டவுன் பஸ்ஸில் இருபது நிமிடத்தில் போய்விடக்கூடிய அரசு உதவி பெறும் மேல்நிலைப் பள்ளி.

"அம்மணி, நீ போயிப் பாத்துட்டு வந்தவ. இவ மார்க்கு மட்டும் போதாது, சமூக நீதியெல்லாம் சொல்லித் தர்ற பள்ளிக்கூடம்தான் வேணும்கறா. எதுல சேத்தலாம், நீயே சொல்லு" என்றார். அன்றைக்கு வாயால் சொன்னது பாதிதான். யோசித்துப் பார்த்து மீதியை இங்கே எழுதுகிறேன். இதே மேசை இன்னும் பல வீடுகளில் இருக்கும் என்று தெரியும்.

திருச்செங்கோட்டு விண்ணப்பத்தை முதலில் முடித்துவிடலாம். நாமக்கல் மாவட்டத்தில் கோழிப் பண்ணைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் ஒரே கால அட்டவணை என்று எங்கள் ஊரில் கிண்டல் உண்டு. பதினொன்றாம் வகுப்புப் பாடத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டு இரண்டு வருடமும் பன்னிரண்டையே உருப்போட வைத்த பள்ளிகள் இருந்தன. அதை நிறுத்தத்தான் 2017-18-இல் பதினொன்றுக்கும் பொதுத்தேர்வு கொண்டுவந்தார்கள். இப்போது 2025-26 முதல் அந்தத் தேர்வு எடுக்கப்பட்டுவிட்டது. பழைய வழக்கம் திரும்புமா என்பதைச் சேர்க்கும்போது நேராகவே கேட்டுவிடுங்கள். சமூக நீதி என்ற சொல் அங்கே காதில் விழ வாய்ப்புக் குறைவு. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் கைத்தறி போட்டுப் பிள்ளையை அப்படி ஒரு விடுதியில் சேர்த்தவர்களைத் தெரியும். அவர்களுக்கு மதிப்பெண்தான் நியாயம். வாத்தியார் பையனும் தன் பையனும் ஒரே தாளுக்குப் பதில் எழுதுகிறார்கள் என்பதே அவர்களுக்குப் பெரிய விஷயம். அதைக் கேலி செய்ய எனக்கு அருகதை இல்லை. ஆனால் என் தங்கை கேட்பது அது இல்லை என்பதால் அந்த விண்ணப்பத்தை ஓரமாக வைத்தேன்.

சரி, ஐ.பி. 1968-இல் ஜெனீவாவில் தொடங்கிய பாடத்திட்டம். ஆறு பாடம் எடுக்க வேண்டும். அதோடு 4,000 சொல்லில் ஓர் ஆய்வுக் கட்டுரை, அறிவு என்றால் என்ன என்று கேட்கும் ஒரு பாடம், அப்புறம் 'காஸ்' என்று சுருக்கமாகச் சொல்லும் படைப்பு, செயல்பாடு, சேவை. காஸுக்கு மதிப்பெண் கிடையாது. ஆனால் அதை முடிக்காமல் டிப்ளமா வராது. பழைய நாளில் 150 மணிநேரம் என்று ஓர் அளவு வைத்திருந்தார்கள். இப்போது மணிக்கணக்கு இல்லை. 18 மாதம் விடாமல் செய்ய வேண்டும், 7 கற்றல் விளைவுகளுக்குச் சான்று காட்ட வேண்டும். எங்கள் பள்ளியின் விளம்பரப் புத்தகத்தில் சமூக நீதி என்று போட்டிருந்ததெல்லாம் பெரும்பாலும் இந்தச் சேவைக்குள்தான் அடங்கியது.

சேவை எப்படி இருந்தது என்றால், சனிக்கிழமை காலை வேன் ஏறி அரைமணி தூரத்துக் கிராமத்து அரசுப் பள்ளிக்குப் போய் ஆங்கிலம் சொல்லித் தருவோம். முதல் நாள் நான் ராத்திரி முழுக்க அட்டை வெட்டி, படம் ஒட்டி, ஒரு பாட்டுத் தயார் செய்து கொண்டுபோனேன். நான் வாயைத் திறப்பதற்குள் பிள்ளைகள் அந்தப் பாட்டை முழுசாகப் பாடி முடித்துவிட்டார்கள். போன வருடத்து அக்கா சொல்லித் தந்தாராம். அதற்கு முந்தின வருடத்து அண்ணனும் அதையேதான் சொல்லித் தந்தாராம். மூன்றாவது வரிசையில் இருந்த பையன் ஒருவன், "நீங்க எத்தனை மாசம் வருவீங்க?" என்று கேட்டான். அவன் கேட்டது கணக்கு. நான் அதைப் பாசம் என்று நினைத்துக்கொண்டு அன்றிரவு 'பிரதிபலிப்பு' என்ற தலைப்பில் ஒரு பக்கம் எழுதினேன். நன்றாக இருக்கிறது என்று பாராட்டும் வந்தது. எங்களுடைய 7 விளைவுகளுக்கும் சான்று சேர்ந்தது. அந்தப் பிள்ளைகளுக்கு என்ன விளைந்தது என்று கேட்கும் படிவம் எதுவும் இல்லை.

இதைப் படித்துவிட்டு ஐ.பி. பள்ளி வெறும் வேஷம் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அங்கேதான் எனக்கு உலக அரசியல் என்ற பாடம் கிடைத்தது. அதிகாரம் என்றால் என்ன, ஓர் ஆட்சியை மக்கள் ஏற்றுக்கொள்வது எதனால், மனித உரிமை யாருக்கு எட்டுகிறது என்று இரண்டு வருடம் வாதாடினோம். ஒரே அறையில் கென்யாக்காரி, கொரியாக்காரன், லக்னோக்காரி, நான். வீட்டில் பெரியவர்கள் பேசும்போது குறுக்கே பேசாதே என்று வளர்ந்த எனக்கு, வாத்தியார் முகத்துக்கு நேராக "நீங்கள் சொல்வது தவறு" என்று சொல்லலாம் என்பதே ஆறு மாசப் பாடமாக இருந்தது.

2023 ஜூன் கடைசியில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஹார்வர்ட் வழக்கில், மாணவர் சேர்க்கையில் இனத்தைக் கணக்கில் எடுக்கும் முறை செல்லாது என்று தீர்ப்புச் சொன்னது. விடுமுறை முடிந்து போனதும் இரண்டு வாரம் அதைத்தான் அலசினோம். நான் இட ஒதுக்கீட்டுக்கு ஆதரவாகப் பேசி, கைத்தட்டல் வாங்கி, உட்கார்ந்தேன். ஆசிரியை ஒரே ஒரு கேள்வி கேட்டார். "உன் மாவட்டத்தில் இட ஒதுக்கீடு எப்படி வேலை செய்கிறது?" 69 சதவீதம் என்றேன். அதற்கு மேல் வரவில்லை. பட்டியல் சாதியினருக்கான 18-க்குள் அருந்ததியருக்கு 3 சதவீதம் உள் ஒதுக்கீடு 2009-இல் வந்தது எனக்குத் தெரியாது. எங்கள் தோட்டத்தில் வேலை செய்பவர்களில் முக்கால்வாசிப் பேர் அருந்ததியர். ஹார்வர்டின் சேர்க்கை முறை எனக்கு மனப்பாடம். எங்கள் சாளைக்கு, அதாவது தோட்டத்து வீட்டுக்கு, பின்னால் இருக்கும் காலனிக்கு எது பொருந்தும் என்பது தெரியவில்லை. (அந்த உள் ஒதுக்கீடு செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 7 நீதிபதிகள் அமர்வில் 6-க்கு 1 என்று சொன்னது 2024 ஆகஸ்ட் 1 அன்று, நான் பள்ளியை விட்டு வந்த பிறகு.)

அந்தப் பாடத்தில் புத்தகத்துக்கு வெளியே போய் ஒரு பிரச்சினையில் இறங்கி, 2,000 சொல்லில் அறிக்கை எழுத வேண்டும். என் கூட்டாளிகள் தூதரகம், அகதிகள் அமைப்பு என்று கிளம்பினார்கள். ஆசிரியை என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "உங்கள் வீட்டில் யார் எதில் டீ குடிக்கிறார்கள் என்று பார்த்துவிட்டு வா" என்றார். அவர் தர்மபுரிக்காரர் என்பதைப் பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

டிசம்பர் லீவில் வந்து பார்த்தேன். எங்கள் வீட்டில் வெளியாள் யார் வந்தாலும் எவர்சில்வர் தம்ளர். மஞ்சள் வெட்ட வரும் ஆளுக்காரர்களுக்குப் பேப்பர் கப். எங்கள் அப்பாரு காலத்தில் எறவாரத்தில் செருகி வைத்த தனித் தம்ளர் இருந்ததாம். அது எப்போதோ போய்விட்டது. அதை நிறுத்தியதைப் பற்றி வீட்டில் பெருமையாகவே சொல்வார்கள். பேப்பர் கப் சுத்தம், கழுவ வேண்டியதில்லை, எல்லாருக்கும் வசதி. எல்லாருக்கும் வசதி என்றால் எல்லாரும் அதிலேயே குடிக்கலாமே என்று நான் கேட்டபோது அம்மா அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டார். பிளாஸ்டிக் பூசிய பேப்பர் கப்பை 2019 ஜனவரியிலிருந்து தமிழ்நாட்டில் தடை செய்திருக்கிறார்கள் என்பது வேறு கதை. சட்டப்படி பார்த்தாலும் அந்தக் கப் எங்கள் சாளையில் இருக்கக் கூடாது.

இருபது வருடமாக எங்கள் பண்ணையத்துக்கு வரும் ஓர் அக்காவிடம் போய்ப் பேட்டி எடுக்க உட்கார்ந்தேன். நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு அவர், "அம்மணி, இதையெல்லாம் எழுதிப் போட்டுட்டு நீங்க மறுபடி பள்ளிக்கூடம் போயிருவீங்க. எனக்கு நாளைக்கும் இங்கதானுங்க வேலை" என்றார். மொபைலில் ஓடிக்கொண்டிருந்த ஒலிப்பதிவை அப்படியே அணைத்தேன். அறிக்கையில் இதைத்தான் எழுதினேன்: நான் ஏன் அந்தப் பேட்டியை எடுக்கவில்லை என்பதை. நல்ல மதிப்பெண் வந்தது. அதை நினைத்தால் இன்றைக்கும் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது.

ஆக, அந்தப் பள்ளி எனக்குத் தந்தது என்ன? தூரம். வீட்டைத் தள்ளி நின்று பார்க்கும் தூரம், அதோடு கேட்கிற பழக்கம். ஊரிலேயே இருந்திருந்தால் அந்தக் கப்பை நான் பார்த்திருக்க மாட்டேன். கண்முன்னால் இருபது வருடம் இருந்தாலும்தான். தராதது, யாரைப் பற்றிப் பேசுகிறோமோ அவர்களோடு ஒரே வகுப்பில் உட்காரும் வாய்ப்பு. எங்கள் அறையில் நான்கு நாடு இருந்தது. நான்கு நாட்டிலிருந்தும் கட்டணம் கட்டக்கூடிய குடும்பம்தான் வந்திருந்தது.

இதில் ஒரு வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். எல்லாச் சர்வதேசப் பள்ளியும் ஒன்றல்ல. நாஜிகள் சிறையில் போட்டதால் ஜெர்மனியை விட்டு வெளியேறிய கர்ட் ஹான் என்ற கல்வியாளரின் முயற்சியில் 1962-இல் வேல்ஸில் தொடங்கிய யுனைட்டெட் வேர்ல்ட் காலேஜ் என்ற பள்ளிகள் இருக்கின்றன. இந்தியாவில் புனே பக்கத்தில் 1997-லிருந்து ஒன்று நடக்கிறது. அங்கே முதலில் தேர்வுக் குழு பிள்ளையைத் தேர்ந்தெடுக்கும். பிறகு குடும்பத்தின் வசதியைப் பார்த்து உதவித்தொகை. பணம் உள்ளவர்களும் இல்லாதவர்களும் ஒரே அறையில் இருக்க வேண்டும் என்பதே அந்த ஏற்பாட்டின் அடிப்படை. சித்தப்பாவின் மேசையில் இருந்தது அந்த வகை இல்லை. சாதாரணக் கட்டணப் பள்ளி. வருடத்துக்குப் பல லட்சம். எனவே அவரிடம், பள்ளியைப் பார்க்கப் போகும்போது மூன்று விஷயம் கேட்டுவிட்டு வாருங்கள் என்றேன். கட்டணம் கட்டாமல் படிக்கும் பிள்ளைகள் எத்தனை பேர்? சேவைக்குப் போகும் ஊரில் மூன்று வருடத்துக்கு முன் தொடங்கியது எதுவும் இன்னும் ஓடுகிறதா? விடுதியைக் கூட்டிப் பெருக்குகிறவர்களின் பெயர் பிள்ளைகளுக்குத் தெரியுமா? கடைசிக் கேள்வியை அலுவலகத்தில் கேட்காதீர்கள், சாப்பாட்டுக் கூடத்தில் கேளுங்கள் என்றும் சொன்னேன்.

நடைமுறையையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். ஐ.பி. டிப்ளமாவை இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம் பிளஸ் டூவுக்குச் சமமாக ஏற்றிருக்கிறது. அதில் பயம் வேண்டாம். ஆனால் மே மாதம் எழுதும் தேர்வுக்கு முடிவு ஜூலை முதல் வாரத்தில்தான் வரும். இங்கே கலந்தாய்வு வேலைகள் அதற்கு முன்பே தொடங்கிவிடுவதால் தேதி இடிக்கும். நீட் எழுதுவதென்றால் பாடமும் வேறு, பயிற்சியும் வேறு, இரட்டைச் சுமை. வெளிநாட்டுப் படிப்புக்கு இதைவிட நல்ல வழி குறைவு.

இப்போது மூன்றாவது. டவுன் பஸ் பள்ளி.

வகுப்பில் அறுபது பேர். தறிக்காரர் பிள்ளை, பனியன் கம்பெனி சூப்பர்வைசர் பிள்ளை, சந்தையில் தேங்காய் விற்பவர் பிள்ளை, காலனியிலிருந்து வரும் பிள்ளை. என் பள்ளி பல லட்சம் வாங்கிக்கொண்டு தராத கலவை இங்கே இலவசமாக இருக்கிறது. பத்தாம் வகுப்புச் சமூக அறிவியலிலேயே நீதிக்கட்சி, பெரியார், இரட்டைமலை சீனிவாசன், எம்.சி. ராஜா எல்லாரும் வந்துவிடுகிறார்கள். ஈரோட்டுக்காரர் பிறந்த செப்டம்பர் 17-ஐ 2021 முதல் சமூக நீதி நாள் என்று அரசு கொண்டாடுகிறது, உறுதிமொழியும் உண்டு.

ஆனால் கலந்து உட்கார்ந்தால் மட்டும் கற்றுக்கொண்டுவிடுவோம் என்று நினைக்காதீர்கள். பத்தாவது வரை நானும் அந்த மாதிரிப் பள்ளிதான். 2019 டிசம்பர் 2 அன்று மேட்டுப்பாளையம் நடூரில் ஒரு வீட்டின் சுற்றுச்சுவர் மழையில் இடிந்து, பக்கத்துத் தலித் குடியிருப்பில் தூங்கிக்கொண்டிருந்த 17 பேர் செத்துப்போனார்கள். அதைத் தீண்டாமைச் சுவர் என்று அந்த மக்கள் சொன்னார்கள். நான் எட்டாவது. மறுநாள் எங்கள் வகுப்பில் மழை லீவு நீளுமா என்பதுதான் பேச்சு. எந்த ஆசிரியரும் அந்தச் சுவரைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. அவர்களை மட்டும் குறை சொல்ல முடியாது. 2015-இல் கோகுல்ராஜ், 2016-இல் உடுமலைப்பேட்டை சங்கர் என்று இந்த மண்ணில் சாதி தாண்டிய காதலுக்கும் நட்புக்கும் உயிர் போயிருக்கிறது. பெற்றோர் சங்கக் கூட்டத்தில் முன்வரிசையில் யார் உட்காருவார்கள் என்பது ஆசிரியருக்குத் தெரியும். பள்ளிகளில் சாதியை ஒழிக்க வழி சொல்லும்படி அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. பள்ளிப் பெயரில் சாதி கூடாது, கையில் சாதியைக் காட்டும் வண்ணக் கயிறு கூடாது என்றெல்லாம் அதில் இருக்கிறது. கயிறு கட்டாத கைகளும் இடைவேளையில் தனித்தனிக் கும்பலாகத்தான் நிற்கும். அதை நான் பார்த்திருக்கிறேன்.

அந்தப் பேட்டி தர மறுத்த அக்காவின் மகள் என் வயதுதான். ஆறாவது முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளி. அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் கோயம்புத்தூரில் பொறியியல் படிக்கிறாள். மருத்துவத்துக்கு 2020-இல் வந்து, அடுத்த வருடமே பொறியியலுக்கும் நீட்டப்பட்ட ஒதுக்கீடு அது. கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் அரசே கட்டுகிறது. போன பொங்கலுக்கு அவளிடம் என் ஐ.பி. அறிக்கையைப் பற்றிச் சொன்னேன். கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டு, "நீ படிச்சதெல்லாம் எங்களப் பத்தியா? சொல்லவே இல்ல" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

ஆக, எதைத் தேர்ந்தெடுப்பது? பிள்ளைக்கு என்ன இல்லை என்று பாருங்கள் என்பேன். எனக்குக் கேள்வியே இல்லை; அதனால் தூரம் தேவைப்பட்டது. கேள்வி வராத, வீட்டுப் பேச்சுக்கு மேல் எதையும் சந்தேகிக்காத பிள்ளை என்றால், பணமும் இருந்தால், ஐ.பி. பள்ளிக்கு அனுப்புங்கள். அங்கே ஒரு நல்ல ஆசிரியர் வாய்த்தால் போதும். உதவித்தொகைப் பள்ளி கிடைத்தால் யோசிக்கவே வேண்டாம்.

என் தங்கை அப்படி இல்லை. போன வருடம் குடோனுக்குப் பின்னால் தங்கியிருக்கும் ஒடிசாக் குடும்பத்துப் பையன் ஏன் பள்ளிக்கூடம் போகவில்லை என்று சித்தப்பாவை நச்சரித்தாள். ஆறு மாதத்தில் ஊருக்குப் போய்விடுவார்கள், சான்றிதழ் எதுவும் இல்லை என்று சித்தப்பா சொல்ல, 2009-ஆம் வருடக் கல்வி உரிமைச் சட்டப்படி பிறப்புச் சான்று இல்லை என்று சேர்க்கையை மறுக்கக் கூடாது என்று எங்கிருந்தோ படித்துக்கொண்டு வந்து நின்றாள். அவளிடம் கேள்வி ஏற்கெனவே இருக்கிறது. அதை வாங்க அவள் ஐ.பி. பள்ளிக்குப் போக வேண்டியதில்லை. அவளுக்கு வேண்டியது, அந்தக் கேள்வியோடு சம்பந்தப்பட்டவர்கள் பக்கத்து இருக்கையில் இருப்பது. அதற்கு டவுன் பஸ் பள்ளிதான். அங்கே இல்லாதது விவாதமும் எழுத்தும். அதற்கு ஆகஸ்ட் மாதம் ஈரோடு புத்தகத் திருவிழா இருக்கிறது, நூலகம் இருக்கிறது, மாதம் ஒருமுறை வந்து சண்டை போட நான் இருக்கிறேன். மிச்சமாகும் லட்சங்களைக் கல்லூரிக்கு வைத்துக்கொள்ளலாம்.

இவ்வளவையும் சொல்லி முடித்ததும் தங்கை, "சரி, நான் இங்கயே படிக்கறேன். ஆனா ஜூன்ல அந்தப் பையனையும் சேத்தோணும்" என்றாள். சித்தப்பா "பாக்கலாம்" என்றார். எங்கள் பக்கம் 'பாக்கலாம்' என்றால் பாதி சரி, பாதி இல்லை. திருச்செங்கோட்டு விண்ணப்பத்தைத் திருப்பிப் பின்பக்கத்தில் பாவு நூல் கணக்கு எழுதினார். ஐ.பி. பள்ளியுடையதை மட்டும் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். முன்பணம் கட்டக் கடைசித் தேதிக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது.